எல்லையோர ஊரில் முதியோர் சங்கம் தொடங்குகிறீர்களா? நிர்வாகத்தை இப்படி அமையுங்கள்

கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலை. பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, தோப்பு வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். 2021க்கான கணிப்பில் கேரள மக்கள்தொகையில் 16.5 சதவீதம் பேரும் தமிழ்நாட்டில் 13.6 சதவீதம் பேரும் 60 வயதைத் தாண்டியவர்கள். நாட்டின் சராசரியோ 10.1 சதவீதம்தான். மருந்து வாங்கிக் கொடுக்கவும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் ஊரில் நாலு பேர் சேர்வது நல்ல காரியம். ஆனால் சேர்ந்த பிறகு பணம் யார் கையில், முடிவு எடுப்பது யார், தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்பதற்கெல்லாம் எழுத்தில் பதில் இல்லாமல், ஒரே ஒருவருடைய நல்ல மனதை நம்பி ஓடுகிற குழுக்கள் நிறைய. அவருக்கு உடம்பு முடியாமல் போனால் குழுவும் படுத்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாருக்காகச் சங்கமோ அந்தப் பெரியவர்களுக்கு அதில் ஓட்டு இருக்க வேண்டும். கீழே சொல்லும் படிகளில் பாதி அதற்காகத்தான்.

படி 1: யார் உறுப்பினர் என்று முடிவு செய்யுங்கள்

பெயர், முத்திரை, லெட்டர்பேடு எல்லாம் அப்புறம். முதலில் உறுப்பினர் யார் என்பதை எழுதுங்கள். ஓட்டுள்ள உறுப்பினர்கள் சேர்ந்ததுதான் பொதுக்குழு, சங்கம் அவர்களுடையது. அவர்கள் தேர்ந்தெடுக்கும் சிறு குழு செயற்குழு. அன்றாட வேலையைப் பொதுக்குழுவின் சார்பில் பார்ப்பது அதன் பொறுப்பு. இந்த வரிசை தலைகீழாகிப்போனால், அதாவது செயற்குழு முதலாளி மாதிரியும் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் மாதிரியும் ஆனால், பிறகு சரிசெய்வது கஷ்டம்.

தன்னார்வலர்களை மட்டும் உறுப்பினராக்கி, பெரியவர்களைப் 'பயனாளிகள்' பட்டியலில் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள். 60 வயதான, சங்கம் வேலை செய்யும் ஊர்களில் வசிக்கிற யாரும் சேரலாம் என்று விதி எழுதுங்கள். சந்தாவை ஆண்டுக்குப் பத்து ரூபாய் மாதிரி, யாரும் தயங்காத தொகையாக வையுங்கள். செயற்குழுவில் பாதி இடமாவது அவர்களுக்கு, அதில் தனியாக வாழும் பெண்களுக்கு நிச்சயமாக இடம் என்று எழுதிவிடுங்கள். நாற்பது வருஷம் தோப்புக் கணக்குப் பார்த்த ஓர் அம்மாவுக்கு ஒரு சங்கத்தின் கணக்குப் புரியாதா என்ன?

படி 2: எந்தப் பக்கம் பதிவு செய்வது

எல்லையில் இருப்பவர்கள் குழம்புகிற இடம் இது. சங்கத்தின் பதிவு அலுவலகம் எந்த முகவரியில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான் பொருந்தும். உறுப்பினர்கள் எந்தப் பக்கம் வசிக்கிறார்கள் என்பது அதைத் தீர்மானிக்காது.

தமிழ்நாட்டில் முகவரி வைத்தால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது 7 பேர் வேண்டும், செயற்குழுவில் 3 பேருக்குக் குறையக் கூடாது, செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது.

கேரளத்தில் கதையே வேறு. அங்கே பாலக்காடு என்ற ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு சட்டம் வரும். பாலக்காடு பகுதி பழைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அங்கே 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம். அதே மாவட்டத்துச் சித்தூர்ப் பகுதியோ கொச்சி ராஜ்யத்தின் துண்டு நிலமாக இருந்து, 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியில் சேர்ந்து, 1956இல் கேரளத்துக்கு வந்தது. அதனால் அங்கே 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், அறநிலையச் சங்கங்கள் பதிவுச் சட்டம். இன்றைய தாலுகா எல்லையை வைத்து முடிவு கட்டாமல், உங்கள் கிராமம் பழைய கொச்சியா மலபாரா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள். இந்த இரண்டிலும் குறைந்தது 7 பேர்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது? வேலை அதிகம் எங்கே நடக்குமோ அங்கே. கேரளப் பக்கம் என்றால் பஞ்சாயத்து, ஆரம்ப சுகாதார நிலையம், அக்ஷயா மையம் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) இவற்றோடு சேர்ந்து வேலை செய்ய உள்ளூர்ப் பதிவு கைகொடுக்கும். அங்கே ஏற்கெனவே நல்ல பழக்கமும் இருக்கிறது: 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சைச் சங்கமும், அதற்குப் பின் மலப்புறத்தில் வளர்ந்த அக்கம்பக்கத் தன்னார்வலர் வலையமைப்பும், ஊர்க்காரர்களே கூடிப் பேசி, சிறு நன்கொடைகளில் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே கவனிக்க முடியும் என்று காட்டின. 2008இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. அந்தத் தன்னார்வலர்கள் உங்கள் ஊரில் இருந்தால் முதலில் போய்ப் பார்த்துப் பேசுங்கள்.

படி 3: விதிகளை எழுதுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்

பைலா (சங்கத்தின் விதிகள்) என்றதும் கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கும் பழைய ஃபைலில் பெயரை மட்டும் மாற்றி வாங்கி வருகிறார்கள். வேண்டாம். நோக்கம், உறுப்பினர் சேர்க்கை, நீக்கம், தேர்தல், கூட்ட அறிவிப்பு, கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும்), வங்கிக் கணக்கு, தணிக்கை, விதித் திருத்தம், கலைப்பு ஆகிய பத்து விஷயத்தையும் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். விண்ணப்பம் எந்த மொழியில் போனாலும் ஒரு தமிழ்ப் படி கட்டாயம் தயாரியுங்கள். எல்லையோரப் பாட்டிக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. அவருடைய சங்கத்தின் விதி அவருக்குப் புரியாத எழுத்தில் இருப்பது நியாயமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் உட்கார வைத்து, ஒவ்வொரு விதியாக வாசித்து, "இதில் என்ன சங்கடம் வரும்?" என்று கேளுங்கள். நல்ல திருத்தங்கள் அங்கேதான் வரும்.

கலைப்பு விதியை அபசகுனம் என்று விட்டுவிடாதீர்கள். சங்கம் நின்றால் மிச்சமுள்ள பணமும் சக்கர நாற்காலியும் கட்டிலும் உறுப்பினர்களுக்குப் பங்கு போடப்படாமல், இதே மாதிரி வேலை செய்யும் வேறொரு சங்கத்துக்குப் போகும் என்று எழுதுங்கள். 1860 சட்டமும் உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்வதை அனுமதிப்பதில்லை. நோக்கத்தை மாற்றுவதற்கும் அதில் கடுமையான வழி இருக்கிறது: ஐந்தில் மூன்று பங்கு ஓட்டு, ஒரு மாதம் கழித்து இன்னொரு கூட்டத்தில் மறுபடி ஐந்தில் மூன்று பங்கு. தமிழ்நாட்டில் இந்த மாதிரிப் பெரிய முடிவுகளுக்கான சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். அவசரத்தில் யாரும் சங்கத்தைத் திசைமாற்றிவிடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை தடை.

படி 4: மூன்று வேலை, மூன்று கை

தலைவர் கூட்டத்தை நடத்துவார். செயலாளர் கடிதம், பதிவேடு, மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) பார்ப்பார். பொருளாளர் பணம். இதைத் தாண்டி ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: செலவை முடிவு செய்பவர், பணத்தைக் கொடுப்பவர், கணக்கைச் சரிபார்ப்பவர் மூவரும் ஒருவரே ஆகக் கூடாது, ஒரே குடும்பமாகவும் இருக்கக் கூடாது. சின்ன ஊரில் எல்லாரும் மாமன் மச்சான்தான், தெரியும். அதனால்தான் இதை விதியிலேயே எழுதச் சொல்கிறேன். பிறகு ஒருவரை மறுத்தாலும் அது விதியின் மறுப்பாகப் போய்விடும், சொந்தபந்தம் கெடாது.

ஒருவர் ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்பதையும் சேருங்கள். எந்தச் சட்டமும் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் வையுங்கள். ஒவ்வொரு பதவிக்கும் கூடவே ஒரு இளையவரையோ புதியவரையோ பழக்குங்கள்.

அப்புறம் சொந்த லாபம் கலக்கும் விஷயம். செயற்குழுவில் இருப்பவருக்கு மெடிக்கல் ஷாப் இருக்கலாம், ஆம்புலன்ஸ் ஓட்டும் தம்பி இருக்கலாம். சங்கம் அவர்களிடம் வாங்கவே கூடாது என்றில்லை. அந்தப் பேச்சு வரும்போது அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அறையை விட்டு எழுந்து போக வேண்டும், அது மினிட்ஸில் ஏற வேண்டும். அவ்வளவுதான். தன்னார்வலர்களுக்குச் சம்பளம் கிடையாது. பஸ் கட்டணம், பெட்ரோல் செலவை மட்டும் கூட்டத்தில் ஒரு அளவு நிர்ணயித்துக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வசதி உள்ளவர்கள் மட்டும்தான் சேவை செய்ய முடியும் என்றாகிவிடும்.

படி 5: பெரியவர்கள் வரக்கூடிய கூட்டம்

செயற்குழு மாதம் ஒருமுறை, பொதுக்குழு ஆண்டுக்கு ஒருமுறையாவது. தமிழ்நாட்டில் சிறப்புத் தீர்மானம் இருந்தால் 21 நாள் முன்பே அறிவிப்பு போக வேண்டும். மற்றக் கூட்டங்களுக்கும் அதையே பழக்கமாக்குங்கள், நல்லது. நேரம் காலை பத்து மணி, வெயில் ஏறும் முன். படி ஏறாத இடம், பக்கத்திலேயே கழிப்பறை, கைப்பிடி உள்ள நாற்காலி, காது கேட்காதவர்களுக்கு முன்வரிசை. மதியம் ஊர் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்குள் முடியுங்கள். இதெல்லாம் உபசாரம் என்று நினைத்தால் தவறு. வர முடியாத இடத்தில் கூட்டம் போட்டால் அவர்களுடைய ஓட்டைப் பறித்ததாகத்தான் அர்த்தம்.

அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போட்டதோடு விடாமல், ஆளுக்கு ஐந்து வீடு என்று பிரித்துக்கொண்டு போனில் வாசித்துக் காட்டுங்கள். தேர்தல் என்றால் கை தூக்க வேண்டாம், ரகசிய ஓட்டு. எழுத்துத் தெரியாதவர்களுக்காக வேட்பாளருக்கு ஒரு நிறச் சீட்டு கொடுத்தால் போதும். படுக்கையில் இருப்பவர்கள்? அவர்களுக்குப் பதில் வேறொருவர் ஓட்டுப் போடும் முறையை நான் ஆதரிக்க மாட்டேன், மகனோ செயலாளரோ பத்துக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். இரண்டு பேராக வீட்டுக்குப் போய் அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி வந்து கூட்டத்தில் வாசியுங்கள்.

மினிட்ஸ் புத்தகத்தில் பக்க எண் போட்டிருக்க வேண்டும். தேதி, வந்தவர் பெயர், கையெழுத்து, தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர். எதிர்த்துப் பேசியவர் பேச்சையும் இரண்டு வரி எழுதுங்கள், அவரும் சங்கத்தின் நன்மைக்காகத்தான் பேசியிருப்பார்.

படி 6: பணம்

சங்கத்தின் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு, இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்து. தனிநபரின் கூகுள் பே எண்ணில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ரசீதுக்கு எண் போட்ட புத்தகம், செலவுக்கு வவுச்சர். பெட்டிக் காசுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள், அதற்கு மேலே உள்ளது வங்கிக்குப் போக வேண்டும். மாத வரவு செலவை ஒரே தாளில், பெரிய எழுத்தில் எழுதி, கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள். நன்கொடையாளர்களுக்கு 80ஜி என்று எல்லாரும் சொல்லும் வரிச்சலுகை வேண்டுமென்றால் வருமான வரித் துறையில் தனிப் பதிவு வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது.

வெளிநாட்டுப் பணத்தில் ரொம்பக் கவனம். துபாயில் இருக்கும் மகனிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், அவர் இதே ஊரில் பிறந்தவராக இருந்தாலும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்பதில் கூச்சப்படாதீர்கள்.

படி 7: வீட்டுக்குள் போகும்போது

நிர்வாகம் என்றால் காகிதம் மட்டும் இல்லை. தனியாக இருக்கும் ஒருவர் வீட்டுக்குள் நாம் போகிறோம், அவர் நம்மை முழுசாக நம்புகிறார்; அந்த நம்பிக்கைக்கு வேலி போடுவது செயற்குழுவின் பெரிய கடமை. புதிய தன்னார்வலர் முதலில் தனியாகப் போகக் கூடாது. ஏடிஎம் அட்டை, ரகசிய எண், நகை, பத்திரம் எதையும் "பத்திரமாக வைத்திருங்கள்" என்று கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கடன் கிடையாது. உயில், தானப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது, தனக்கு எதையும் எழுதி வாங்கவே கூடாது. கேரளப் பக்கம் ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் மஸ்டரிங் (உயிரோடு இருப்பதைக் கைரேகை வைத்து உறுதிசெய்வது) செய்ய அக்ஷயா மையத்துக்குக் கூட்டிப்போவது அடிக்கடி வரும் வேலை. கைரேகை வைத்ததும் ஆதார் அவர் பைக்குள் திரும்பிப் போனதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஃபேஸ்புக்கில் போடப் படம் எடுப்பதற்கு அவரிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் அடி, பட்டினி, சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிடுவது மாதிரி ஏதாவது தெரிந்தால் செயலாளர் தனியாக முடிவெடுக்கக் கூடாது. மூன்று பேர் கொண்ட புகார்க் குழு வையுங்கள், அதில் ஒருவராவது செயற்குழுவுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். முதியோர் உதவி எண் 14567 நாடு முழுக்கப் பொது. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் செல்லாததாக்கவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் போவதா வேண்டாமா என்பது பெரியவரின் முடிவு. நாம் கூட நிற்பவர்கள்.

படி 8: ஆண்டு வேலைகள்

மார்ச் முடிந்ததும் கணக்கை மூடி தணிக்கைக்குக் கொடுங்கள். பொதுக்குழுவில் அதை வாசித்து ஒப்புதல் வாங்குங்கள். அதன் பிறகு பதிவாளருக்கு: 1860 சட்டத்தில், ஆண்டுப் பொதுக்குழு நடந்த 14 நாளுக்குள் செயற்குழுப் பட்டியல் போக வேண்டும், சித்தூர்ப் பக்கமும் அதையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும், செயற்குழுவில் ஆள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். சில வருஷம் விட்டுவிட்டு மொத்தமாகப் போட நினைத்தால் அபராதமும் அலைச்சலும் சேரும், வங்கியிலும் கையெழுத்து மாற்ற முடியாமல் நிற்பீர்கள். தாக்கல் செய்ததற்கான ரசீதின் நகலைச் செயலாளர் வீட்டில் ஒன்று, வேறொரு உறுப்பினர் வீட்டில் ஒன்று என்று வையுங்கள்.