கானா மீனவர் கடற்கரைக்குப் போகும்போது செய்யக் கூடாதவை

கானாவின் கடலோர ஊரான எல்மினாவில் 1482இல் போர்ச்சுகீசியர் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்த கையோடு, பலர் கேமராவுடன் பக்கத்துப் படகுத்துறைக்கு இறங்கிவிடுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்குகிறது. கானாவில் வணக்கம் சொல்லாமல் பேச்சை ஆரம்பிப்பதே மரியாதைக் குறைவு. வலை பின்னுபவரிடம் முதலில் நலம் விசாரியுங்கள். படம் எடுக்கலாமா என்று அப்புறம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கை குலுக்குவதும் பணம் கொடுப்பதும் வலக்கையால் மட்டுமே.

கிழமை பார்க்காமல் கிளம்புவது அடுத்த தவறு. ஃபான்டே, கா என்னும் இன மக்களின் கரைகளில் செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போவதில்லை. அது கடல் தெய்வத்துக்கு உரிய நாள். மீன் வந்து இறங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டால் அன்று போகாதீர்கள். மீனவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் செவ்வாயைவிட நல்ல நாள் கிடையாது. வாவா மரத்தைக் குடைந்து செய்த படகுகள் வரிசையாகக் கரையேறி நிற்கும். அவற்றின் நிழலில் கிழிந்த வலைகளைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். ஜூலையில் அரசின் மீன்பிடித் தடைக்காலமும் வருவதுண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டாதீர்கள். பாட்டுக்கு ஏற்றபடி இருபது முப்பது பேர் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். விறைத்து நிற்கும் அந்தக் கயிறு தளர்ந்து மறுபடி இறுகும்போது காலை வாரிவிடும். படகின் மீது ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதும் வேண்டாம். அது ஒரு குடும்பத்தின் முதலீடு, பலருக்கு அதில் வழிபாடும் உண்டு.

ஆண்களிடம் போய் மீன் விலை பேசுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, ஏனென்றால் அங்கே பெண்களின் உழைப்பே கண்ணில் படாமல் போய்விடுகிறது. பிடிப்பது ஆண்கள் என்றாலும் வாங்குவது, புகையிடுவது, சந்தைக்கு அனுப்புவது எல்லாம் பெண்கள் கையில். எரிபொருளுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. மீன் வணிகப் பெண்களின் தலைவிக்கு 'கொன்கோஹேமா' என்று பெயர். விலை விஷயத்தில் அவர் சொல்லுக்குக் கனம் உண்டு. அக்ராவின் சோர்கோர் பகுதியின் பெயரைத் தாங்கிய அடுப்பில், கம்பிவலைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மீனைப் புகையிடுவார்கள். கண் எரியும், ஆனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் சுளிக்காதீர்கள். அவர்களிடமே நாலு மீன் வாங்குங்கள்.

செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். மணலில் தூண்டில் முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடக்கும். கடலில் இழுப்பு அதிகம், படகுகள் வேறு அலையோடு வேகமாக வந்து ஏறும். ஆகவே படகுத்துறையில் குளிக்க இறங்காதீர்கள். இறங்கத் தகுந்த இடம் எது என்று உள்ளூர் மீனவர்களிடமே கேளுங்கள்.