விளைச்சல் இடைவெளி: மேலுரத்துக்கு முன் குத்துகளை எண்ணுங்கள்

புதிதாக நெல் வயல் ஆய்வுக்கு வரும் பிள்ளைகளின் நோட்டில் "இடைவெளி 2 டன், தழைச்சத்து போதவில்லை" என்ற வரியைப் பார்த்தால் என் பழைய நோட்டுதான் நினைவுக்கு வரும். அதிலும் இதே வரி. இடைவெளி என்றால் வயல் தரக்கூடிய விளைச்சலுக்கும் கைக்கு வந்ததற்கும் உள்ள வித்தியாசம். களையெடுங்கள், நல்ல விதை போடுங்கள் என்பதை எல்லாரும் சொல்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். அந்த இடைவெளியைக் கணக்கிடும்போது நாம் செய்யும் தவறுகள் இவை.

எட்டாத உச்சத்தைத் துரத்துவது

தண்ணீரும் சத்தும் குறையாமல், பூச்சியும் நோயும் தொடாமல், அந்தப் பருவத்து வெயிலுக்கு ஒரு ரகம் தரக்கூடியதுதான் சாத்திய விளைச்சல். பாசன வயலில் அதில் சுமார் 80 சதவீதம் வந்தாலே பெரிது. அதற்கு மேல் செலவுதான் ஏறும். மானாவாரியில் உச்சத்தை முடிவு செய்வது மழை. அதைப் பாசன வயலோடு ஒப்பிட்டால் கணக்கே தப்பு.

ஈர நெல்லை எடை போடுவது

24 சதவீத ஈரத்தில் 1000 கிலோ இருந்தது, 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 884 கிலோதான்.

குத்துகளை எண்ணாமல் யூரியாவைத் தூக்குவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். ஒரு வருடம் நடவு முடிந்து மூன்று வாரமாகியும் வயல் மெலிந்தே கிடந்தது. சத்துக் குறைவென்று நானே முடிவு கட்டி, ஒரு மூட்டை யூரியா கூடுதலாகப் போட்டேன். இலை கருகருவென்று பச்சை கட்டியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் இலைச்சுருட்டுப் புழு வந்தது. கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்று, பாதி வயல் சாய்ந்தது.

அறுத்த பிறகுதான் தாளை எண்ணினேன். 20-க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 33 குத்து, அதாவது ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்து, வர வேண்டும். என் வயலில் இருந்தது 22. மூன்றில் ஒரு பங்கு பயிரே இல்லை! இல்லாத பயிருக்கு உரம் போட்டிருக்கிறேன்.

தூர் கட்டி, அதாவது அடியில் பக்கத் தண்டுகள் விட்டு, ஈடு செய்யாதா என்று கேட்பார்கள். ஓரளவு செய்யும், அதுவும் இளநாற்றாக இருந்தால். வயது கடந்த நாற்று அவ்வளவு தூர் விடாது. பிந்தி வரும் தூரில் கதிர் பிந்தும், அறுவடையன்று அது பச்சையும் பதருமாக நிற்கும். அதனால் நட்ட பத்து நாளுக்குள் எண்ணிவிடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் நாற்றை மிச்சம் வைத்திருந்தால் அதைக் கொண்டே பாடுவாசியை, அதாவது பயிரில்லாத வெற்றிடங்களை, நிரப்பிவிடலாம்.

அறுவடைக்கு முன்பும் ஒருமுறை எண்ணுங்கள். சதுர மீட்டருக்குக் கதிர் குறைந்திருந்தால் தவறு நடவிலோ தூர் கட்டும் காலத்திலோ நடந்திருக்கிறது. கதிர் சரியாக இருந்து மணி குறைந்தால், கதிர் உருவாகும் காலத்தைத் தோண்டுங்கள். பதர் அதிகமென்றால் பூக்கும்போதும் பால் பிடிக்கும்போதும் என்ன நடந்தது என்று பாருங்கள். வெப்பமா, வறட்சியா, நோயா. மூன்றுக்கும் ஒரே மூட்டை மருந்தாகாது.

வரப்போரம் எண்ணுவது

வேண்டாம். குறுக்கே நடந்து ஐந்து இடத்தில் எண்ணுங்கள், கால் சேறானாலும் சரி.