கடலோரப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கப் போகும் பயிற்சி ஆசிரியருக்கு

தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் இருக்கிறீர்கள். கற்பித்தல் பயிற்சிக்கு மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி, தொண்டி பக்கம் ஒரு பள்ளி கிடைத்திருக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கான பதிவு இது. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளையைப் பேசச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். முதலில் காதுக்கு வேலை கொடுங்கள், வாய் தானாக வரும்.

படி 1: ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்

முதல் சில நாள் பாடம் எடுக்க வேண்டாம். வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்காருங்கள். பல பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் இருக்கும், ஒரே ஆசிரியர்தான் சமாளிப்பார். அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்காக 2022 ஜூனில் வந்த தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்திருப்பார்கள். உங்கள் வேலை பெரும்பாலும் முதல் படியான அரும்பு நிலையில் இருக்கும் நாலைந்து பேரோடுதான். அவர்கள் யார், சத்தமே போடாமல் இருப்பது யார், எப்போதும் பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பது யார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பேசாத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். புது மொழியைக் கேட்கும் குழந்தை கொஞ்ச காலம் வாய் திறக்காமல் இருப்பது எங்கேயும் நடப்பதுதான்.

படி 2: கயிறு

கடையில் வாங்கும் ஆங்கில எழுத்துச் சார்ட்டில் இருக்கும் இக்லூ என்ற பனிவீட்டை விட்டுவிடுங்கள். தங்கச்சிமடத்துப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? கரையில் கேட்டால் பழைய வலைக்கயிறு ஒரு பாகம் சும்மாவே கிடைக்கும். நன்றாக அலசிக் காயவைத்து எடுத்துப் போங்கள்.

நாலு பேரைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்களும் பிடியுங்கள். ‘புல்’ என்று சொல்லி இழுங்கள். ‘ஸ்டாப்’ என்று சொல்லி நில்லுங்கள். ‘லெட் கோ’ என்று சொல்லிக் கயிற்றை விடுங்கள். இதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது. வலை இழுப்பதைத் தினம் பார்க்கும் பிள்ளைகள், உடனே ‘ஏலேலோ’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆரம்பிக்கட்டும். நாலைந்து முறை ஆனதும் நீங்கள் கயிற்றை விட்டுவிட்டு வாயால் மட்டும் சொல்லுங்கள்.

அடுத்ததாக வரிசையை மாற்றுங்கள். பலர் தவறவிடும் இடம் இது. எப்போதும் புல், ஸ்டாப், லெட் கோ என்றே சொன்னால் பிள்ளைகள் வரிசையைத்தான் மனப்பாடம் செய்வார்கள், சொல்லைக் கேட்க மாட்டார்கள். மாற்றிச் சொல்லும்போது கைகளைக் கவனியுங்கள். மற்றவர்கள் இழுத்த பிறகு ஒரு நொடி தாமதித்து இழுக்கும் பிள்ளை உங்கள் சொல்லைக் கேட்கவில்லை, பக்கத்துக் கையைப் பார்க்கிறது. திட்ட வேண்டாம். அந்தப் பிள்ளையை வரிசையின் முன்னால் நிற்க வைத்தால் போதும்.

கேட்பதற்கேற்ப உடம்பை அசைத்து மொழி கற்கும் இந்த முறையை வகுத்தவர் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர். பாடக்குறிப்பில் எழுத உதவும்.

நன்றாகப் பழகியதும் ஒரு பிள்ளையை ‘டீச்சர்’ ஆக்குங்கள். கட்டளை போடும் ஆசையில், அதுவரை பேசாத பிள்ளைகூட வாய் திறக்கும்.

படி 3: எழுத்தின் பெயரை விட்டு ஒலிக்கு வாருங்கள்

தமிழில் ‘ம’ என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அதனால்தான் இருபத்தாறு எழுத்தையும் ஒப்பிக்கும் பிள்ளைக்கு மூன்றெழுத்துச் சொல்லைக்கூடப் படிக்க வருவதில்லை. முழு வரிசையையும் எடுக்காமல் ஆறு ஒலிகளில் தொடங்குங்கள்: உட்காரச் சொல்லும் ‘சிட்’டில் உள்ள மூன்று, அடுப்பில் வைக்கும் ‘பேன்’னில் உள்ள மூன்று. இந்த ஆறையும் மாற்றி அடுக்கினால் டின், பின், குழாயைக் குறிக்கும் டேப், எறும்பைக் குறிக்கும் ஆன்ட் எல்லாம் வந்துவிடும். பள்ளி வாசலிலேயே மணல் இருக்கிறது, விரலால் எழுத வையுங்கள்.

ஒலியைச் சொல்லும்போது கடைசியில் உகரம் சேர்க்காதீர்கள். ‘ப்பு, இ, ன்னு’ என்று சொல்லிக் கொடுத்தால் அதைச் சேர்த்துப் படிக்கும் பிள்ளைக்குப் ‘பின்’ எப்படிக் கிடைக்கும்?

பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் எழுதிக்கொள்வார்கள். இதை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது. ஊக்கும் ‘பின்’தான், குப்பைத்தொட்டியும் ‘பின்’தான், தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. அதற்குப் பதில் வாய்க்கு நேரே ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டுச் சொல்லிக் காட்டுங்கள். ஊக்கைச் சொல்லும்போது காகிதம் துள்ள வேண்டும், தொட்டியைச் சொல்லும்போது துள்ளக் கூடாது. வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள், நம்மில் பலருக்கே காகிதம் துள்ளாது!

படி 4: பை

ஒரு துணிப்பையில் சிப்பி, சங்கு, வலைத்துண்டு, காய்ந்த நண்டு ஓடு போட்டுக்கொள்ளுங்கள். கையை விட்டுத் தடவிப் பார்த்து ‘இட் இஸ் எ நெட்’, ‘இட் இஸ் எ ஷெல்’ என்று சொல்ல வேண்டும். வாக்கியம் ஒன்றேதான், பொருள் மட்டும் மாறும்.

பிள்ளை ‘டீச்சர், நண்டு!’ என்று கத்தினால், “யெஸ்! இட் இஸ் எ கிராப்” என்று சொல்லிவிட்டு நகருங்கள். ‘இட் எ கிராப்’ என்றாலும் இதே பதில்தான். ‘தப்பு’ என்ற சொல் வேண்டாம். சரியான வாக்கியம் காதில் விழுந்தால் போதும். வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்ற சட்டமும் வேண்டாம், பயந்த பிள்ளை இரண்டு மொழியிலும் பேசாது.

படி 5: வீடு

விசைப்படகு கரை திரும்பும் காலைகளில் சில பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு வரலாம். அன்று புதுச்சொல் வேண்டாம், பழையதையே விளையாடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பெரும்பகுதி கோடை விடுமுறையில் போய்விடும், ஆனால் விடுமுறைக்கு முந்தைய சில நாட்களிலும் பள்ளி திறந்த முதல் நாட்களிலும் அப்பாக்களைக் கரையில் பார்க்கலாம். வீட்டில் ஆங்கிலம் பேசச் சொல்லி அவர்களை வற்புறுத்தாதீர்கள். இரவில் தமிழில் ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள், கதை கேட்டுப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலக் கதையும் சீக்கிரம் பிடிபடும்.

படி 6: நோட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள்

தெர்மாகோல் மாதிரிகளுக்கு மதிப்பெண் வரும், சரி. ஆனால் வகுப்பாசிரியருக்கு உங்கள் நோட்டுதான் உதவும். பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ‘நன்றாகச் செய்கிறாள்’ என்று எழுதினால் ஒன்றும் புரியாது. ‘புல், ஸ்டாப் தனியாகச் செய்கிறாள், லெட் கோ சொன்னால் பக்கத்தில் பார்க்கிறாள், ஆறு ஒலியில் நான்கு தெரியும், பை விளையாட்டில் முழு வாக்கியம் இரண்டு முறை சொன்னாள்’ என்று எழுதுங்கள். கயிற்றையும் பையையும் பள்ளியிலேயே விட்டுவிடுங்கள்.