கிராக்கூஃபில் ஏழு நாள்: நெல்லையிலிருந்து போகிறவர்களுக்கு

போலந்துக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தால் வார்சா, கிடான்ஸ்க், அப்படியே ப்ராக் என்று நாலு ஊரைக் கோத்துவிடுகிறார்கள். ஏழு நாளில் மூன்று நாள் பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் போய்விடும். ஒரே ஊர், ஒரே அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் கிராக்கூஃபாக இருக்கட்டும். (வரைபடத்தில் கிராக்கோ என்று தேடினாலும் வரும்.) 1257-ல் கட்டம் போட்டு அமைத்த தெருக்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை நாட்டின் தலைநகரம் இதுதான். இரண்டாம் உலகப் போரில் வார்சா தரைமட்டமானது, இந்த ஊர் தப்பித்தது. பழைய கோட்டை மதில் நின்ற இடத்தில் இப்போது ப்ளான்டி என்ற பூங்கா, ஊரைச் சுற்றி நாலு கிலோமீட்டர். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதி மாதிரி நினைத்துக்கொண்டால் வழி தவறாது: எந்தச் சந்தில் புகுந்தாலும் ஒன்று நடுச் சதுக்கம் வரும், இல்லையென்றால் ப்ளான்டி வரும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

மே, ஜூன், செப்டம்பர் நல்லது. செப்டம்பரில் பகல் 20 டிகிரியை ஒட்டி, ராத்திரி 10 டிகிரி. ஜூனில் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம். குளிர்காலத்தில் சந்தை அலங்காரம் அழகுதான், ஆனால் புகைமூட்டம் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

கிழமைதான் முக்கியம். மியூசியங்களில் பல திங்கட்கிழமை மூடியிருக்கும். பெரும்பாலான ஞாயிறுகளில் சூப்பர் மார்க்கெட்டும் துணிக்கடையும் சட்டப்படி திறக்காது, சாப்பாட்டுக் கடைகள் உண்டு. யூதத் தொழுகைக்கூடங்களைச் சனிக்கிழமை பார்க்க முடியாது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், செவ்வாய் போய் இறங்கி அடுத்த திங்கள் கிளம்புவதே சரி. இறங்குவதற்கு முந்தின திங்கட்கிழமை ராத்திரி வீட்டிலிருந்து புறப்படலாம். அன்றைக்குச் சூலம் கிழக்கே, மேற்கே போகத் தடையில்லை என்று ஆச்சியிடம் சொல்லிக்கொள்ளலாம்.

விசாவும் விமானமும்

நாலு மாதம் முன்பே தொடங்குங்கள். போலந்து உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். முடிவு வர வழக்கமாக 15 நாள், சிக்கலானால் 45 நாள் வரை இழுக்கும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். விரல் ரேகைக்கு நேரில் போக வேண்டும். நெல்லையில் மையம் கிடையாது, அதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். முதல் காரணம், விண்ணப்பிக்கிற வாரத்தில் வங்கிக் கணக்கில் திடீரென்று வந்து விழும் பெரிய தொகை. இரண்டாவது, விடுதி முன்பதிவில் ஏதாவது ஒரு ராத்திரி விட்டுப்போவது. இதோடு நம் ஊருக்கே உரிய தலைவலி இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருந்தால், விமான டிக்கெட், காப்பீடு, அவுஷ்விட்ஸ் முகாம் அனுமதிச் சீட்டு எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசையில் இருக்க வேண்டும்.

திருநெல்வேலிக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம்தான் வசதி, சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். வளைகுடாவில் ஒரு இடம் மாற வேண்டும். துபாயிலிருந்து கிராக்கூஃபுக்கு நேரடி விமானம் உண்டு. நேரம் ஒத்துவராவிட்டால் வார்சாவில் இறங்கி ரயில் பிடிக்கலாம், சுமார் இரண்டரை மணி நேரம். விமானம் தரைதொட்டதிலிருந்து ரயிலுக்கு மூன்று மணி இடைவெளி விடுங்கள். குடியேற்ற வரிசை எப்போது நீளும் என்று சொல்ல முடியாது.

முதலில் பூட்ட வேண்டிய மூன்று

விசா கையில் வந்ததும் முதல் அவசரம் இந்த மூன்றுக்கும்தான்: நாஜிகளின் வதைமுகாமான அவுஷ்விட்ஸ், யூதத் தொழிலாளர்களைக் காப்பாற்றிய ஷிண்ட்லரின் தொழிற்சாலை மியூசியம், பழைய அரசர்கள் இருந்த வாவெல் கோட்டை. மூன்றிலும் நேரம் குறித்த சீட்டு, அளவான எண்ணிக்கை. மற்றதெல்லாம் போகிற போக்கில் கிடைக்கும்.

அவுஷ்விட்ஸ் முகாம் கிராக்கூஃபுக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டர், ஓஷ்வியென்ச்சிம் என்ற ஊரில். வழிகாட்டியோடு போவதற்குத்தான் கட்டணம். ஆங்கில வழிகாட்டிச் சுற்று சுமார் மூன்றரை மணி நேரம். சீட்டு பெயரில் வரும், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். 35×25×15 சென்டிமீட்டரைத் தாண்டிய பையை உள்ளே விடமாட்டார்கள். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள், சாதாரண முதுகுப் பை தேறாது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்று நிர்வாகமே சொல்கிறது. ரயில் நிலையத்தை ஒட்டிய பஸ் நிலையத்திலிருந்து முகாம் வாசல் வரை பஸ் உண்டு, ஒன்றரை மணிக்கு மேல் பிடிக்கும். முதல் முகாமுக்கும் இரண்டாம் முகாமான பிர்கெனாவுக்கும் இடையே இலவச பஸ் ஓடும். பிர்கெனாவைப் பாராமல் திரும்பிவிடாதீர்கள். அதன் பரப்பைக் கண்ணால் பார்த்தால்தான், கொல்லப்பட்டவர்கள் 11 லட்சம் பேர் என்ற கணக்கு மனதில் ஏறும்.

'அவுஷ்விட்ஸும் உப்புச் சுரங்கமும் ஒரே நாளில்' என்று வேன்காரர்கள் விற்பார்கள். வாங்காதீர்கள். நேரம் போதாது என்பதைவிட, காலையில் அதைப் பார்த்துவிட்டு மத்தியானம் உப்பில் செதுக்கிய சிலைகளை ரசிக்க மனம் வராது.

நாள் வரிசை

செவ்வாய்: விமான நிலையத்திலிருந்து ரயிலில் நகரத்துக்குச் சுமார் 20 நிமிடம். ப்ளான்டியை ஒரு சுற்று, பிறகு நடுச் சதுக்கமான ரினெக். பக்கத்துக்கு 200 மீட்டர் அகலம். மரியா தேவாலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து மணிக்கொரு தடவை எக்காளம் ஊதுவார்கள். நாலு திசைக்கும் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் பாட்டு நடுவில் சட்டென்று அறுந்து நிற்கும். ஊதுகிறவர் தீயணைப்பு வீரர். எதிரியின் அம்பு தொண்டையில் பாய்ந்த காவலன் கதை என்று சொல்வார்கள், கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதன்: காலையில் வாவெல். கோட்டைக்குள் ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சீட்டு, பேராலயத்துக்கு வேறு சீட்டு. எல்லாம் வாங்கினால் கால் தாங்காது. அரச அறைகளும் பேராலயமும் போதும். கோட்டையின் உள்முற்றத்தில் ஒரு மூலைச் சுவரில் சிலர் முதுகைச் சாய்த்துக் கண்மூடி நிற்பதைப் பார்க்கலாம். சிவபெருமான் உலகில் ஏழு இடங்களில் எறிந்த கற்களில் ஒன்று இங்கே புதைந்திருக்கிறது, அதன் சக்தி சுவரில் ஏறுகிறது என்ற நம்பிக்கை. எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று தேட வேண்டாம், ஐரோப்பியர்களே கட்டிய கதை. அங்கிருந்து 11.50-க்குள் மரியா தேவாலயத்துக்கு வந்துவிடுங்கள். 1477 முதல் 1489 வரை வித் ஸ்த்வோஷ் மரத்தில் செதுக்கிய பீடத்தின் கதவுகளை அந்நேரத்தில்தான் திறப்பார்கள். சீட்டு விற்பது தேவாலயத்துக்குள் அல்ல, பக்கத்துக் கட்டடத்தில். மாலையில் சார்த்தோரிஸ்கி மியூசியத்தில் டாவின்சியின் 'கீரியேந்திய சீமாட்டி'. அது கீரி அல்ல, எர்மைன் என்ற வெள்ளை மரநாய் இனம்.

வியாழன்: அவுஷ்விட்ஸ். மாலைக்கு எதையும் வைக்காதீர்கள்.

வெள்ளி: கசிமியெஷ், பழைய யூதக் குடியிருப்பு. ரெமு தொழுகைக்கூடமும் அதன் கல்லறைத் தோட்டமும் பார்த்துவிட்டு ஆற்றைத் தாண்டிப் போட்கூஷே. போரில் கொண்டுபோகப்பட்ட யூதர்களின் நினைவாகக் காலி நாற்காலிகளை வார்த்து நிறுத்திய சதுக்கம் அங்கே. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஷிண்ட்லர் தொழிற்சாலை. உள்ளே இருப்பது அவர் ஒருவரின் கதை அல்ல. 1939 முதல் 1945 வரை இந்த நகரம் பட்ட பாடு.

சனி: வியெலிச்கா உப்புச் சுரங்கம். ரயிலில் அரை மணிக்குள். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தலைகீழ் உலகம்: வெயில் காய்ச்சிய உப்பு அல்ல, பாறையாகக் கிடக்கும் சாம்பல் நிற உப்பு. இறங்கும்போதே 380 மரப்படிகள், மொத்தம் சுமார் 800. 101 மீட்டர் ஆழத்தில் கிங்கா தேவாலயம். சரவிளக்குகூட உப்புப் படிகம். திரும்ப லிஃப்டில் ஏற்றிவிடுவார்கள். முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம் ஏறுவதில் இல்லை, இறங்குவதில்தான். உள்ளே 17, 18 டிகிரி, மாஞ்சோலை அதிகாலைக்குப் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டர் போதும்.

ஞாயிறு: காலையில் கோஷ்சியுஷ்கோ மேடு, மத்தியானம் நோவா ஹூத்தா. இது 1949-ல் கம்யூனிஸ்ட் அரசு எஃகு ஆலைக்காகத் தொடங்கிய நகரம். ஜாகோபானே என்ற மலையூருக்குப் போய்வர ஆசைப்படுவார்கள். ஞாயிறு மாலை திரும்பும் சாலை அடைத்துக்கொள்ளும், வேண்டாம்.

சாப்பாடு

இங்கே முழுச் சாப்பாடு பகல் ஒரு மணியிலிருந்து நாலு மணிக்குள். அப்போது வயிறு நிறையச் சாப்பிட்டு ராத்திரியை லேசாக முடித்தால் செலவும் குறையும். தேட வேண்டிய பலகை 'பார் ம்லெச்னி', அதாவது பால் கடை. பெயரைப் பார்த்துப் பால் கேட்காதீர்கள், கம்யூனிஸ்ட் காலத்தில் நாடெங்கும் பரவிய மலிவுச் சாப்பாட்டுக் கூடம் அது. சுவரில் பட்டியல், கல்லாவில் சொல்லிப் பணம் கட்டு, சீட்டை ஜன்னலில் நீட்டு, தட்டை வாங்கு, தின்று முடித்ததும் தட்டை நீயே திரும்ப வை. சூப்பும் பியெரோகியும் சேர்த்து 25 முதல் 40 ஸ்லோட்டிக்குள் முடியும். மூன்று மணிக்கு மேல் நல்லது தீர்ந்துபோகும்.

பியெரோகி நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை, ஆனால் மாவு கோதுமை. 'ருஸ்கியே' என்பதில் உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, வெங்காயம். உள்ளே இறைச்சி இல்லை. ஆனால் மேலே பொரித்த பன்றிக் கொழுப்புத் துணுக்கைத் தூவிக் கொடுப்பார்கள். 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று முன்கூட்டியே சொன்னால் வெண்ணெயும் வெங்காயமும் வரும். முட்டைக்கோஸ் காளான் பியெரோகியும் சைவக்காரர்களுக்கு ஏற்றது. கோடையில் புளூபெர்ரி வைத்தது கிடைத்தால் விடாதீர்கள்.

ஷூரெக் என்பது கோதுமை போன்ற ரை தானிய மாவைப் புளிக்கவைத்துச் செய்யும் சூப். நீச்சத்தண்ணி குடித்து வளர்ந்த நாக்குக்கு முதல் வாயிலேயே பிடிபடும். ஆனால் அதில் வெள்ளைத் தொத்திறைச்சி போடுவார்கள், அடிச்சாறும் பெரும்பாலும் இறைச்சிதான். பீட்ரூட் சூப்பான பார்ஷ்ச்சிலும் இதே சந்தேகம் உண்டு. 'பெஸ் மியென்சா', அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்டுவிட்டு 'சாறும்கூடவா?' என்று இரண்டாம் தடவை கேளுங்கள். 'வியெப்ஷோவினா' பன்றி, 'வோவோவினா' மாடு, 'குர்ச்சாக்' கோழி, 'ரிபா' மீன். ரொட்டியோடு இலவசமாக ஒரு கிண்ணத்தில் வெண்ணெய் போல வருவது ஸ்மாலெட்ஸ், பன்றிக் கொழுப்பு. வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்க வழக்கம் இருப்பதால் அன்றைக்குப் பட்டியலில் மீனும் மரக்கறியும் கூடும்.

தெருவில் வண்டியில் அடுக்கி விற்கும் வளையல் ரொட்டி ஓப்வஜானெக். முறுக்கிய மாவைக் கொதிநீரில் முக்கி எடுத்துச் சுடுவதால் மேலே பளபளப்பு, உள்ளே இழுவை. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது போல, இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் கொடுத்தது. காலை எட்டு மணிக்கு வாங்கித் தின்ன வேண்டும். சாயங்காலம் வாங்கினால் பல்லுக்குச் சோதனை. கசிமியெஷின் ப்ளாட்ஸ் நோவி சதுக்கத்தில், நடுவே உள்ள வட்டக் கட்டடத்தின் ஜன்னல்களில் ஸாப்பியெகான்கா விற்கும்: நீள ரொட்டியை இரண்டாக வகுந்து காளானும் சீஸும் வைத்துச் சுட்டது. சுமார் அரை மீட்டர், இருவருக்கு ஒன்று.

மூன்றாம் நாள் சோற்றுக்கு மனம் ஏங்கும். அதனால் சமையலறை உள்ள அறை எடுங்கள். கடையில் அரிசி 100 கிராம் துளைப்பையில் வரும், பையோடு கொதிநீரில் போட வேண்டும். 'மாஷ்லான்கா' என்பது மோரேதான். புளித்த வெள்ளரிக்காய் உப்புநீரில் ஊறியதாக வாங்குங்கள், வினிகர் போட்டது வேண்டாம். சோற்றில் மாஷ்லான்கா ஊற்றி, ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடியும் இந்த வெள்ளரியும் தொட்டுக்கொண்டால் ராத்திரி முடிந்தது. பொடி கொண்டுபோகலாம். நெய், இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை மூன்றும் ஐரோப்பிய ஒன்றியச் சுங்கத்தில் பிடிபடும்.

காசும் சில்லறைச் சங்கதிகளும்

நாணயம் யூரோ அல்ல, ஸ்லோட்டி. ரூபாய் நோட்டால் பயனில்லை, யூரோவாகக் கொண்டுபோய் 'கான்டோர்' கடையில் மாற்றுங்கள். 'ஸ்கூப்' என்ற பத்தியில் இருப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் விலை. கார்டு இயந்திரம் 'ரூபாயிலா ஸ்லோட்டியிலா' என்று கேட்டால் எப்போதும் ஸ்லோட்டி. ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததே மாற்று விலை. உணவகத்தில் நோட்டை நீட்டும்போது 'ஜென்குயெ' (நன்றி) சொல்லிவிடாதீர்கள், மீதியை வைத்துக்கொள் என்று பொருள் ஆகிவிடும். மீதி கைக்கு வந்த பிறகு சொல்லலாம்.

டிராம் சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டும் சீட்டில்லாப் பயணம்தான், அபராதம் உண்டு. கழிப்பறைக் கதவில் வட்டம் போட்டிருந்தால் பெண்கள், முக்கோணம் போட்டிருந்தால் ஆண்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். நம் இரண்டு உருண்டை முள் சார்ஜர் அங்கே பொருந்தும், மூன்று முள் பொருந்தாது.

திங்கள் காலை பார்பக்கன் கோட்டைவாசலுக்கு வடக்கே ஸ்தாரி க்ளேபாஷ் சந்தை. காய்ந்த காளானைச் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வாங்குமுன் ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: படக்கென்று முறிந்தால் நல்லது, வளைந்தால் ஈரம், ஊர் வருவதற்குள் பூத்துவிடும். வீட்டில் பிள்ளைகளுக்கு 'க்ரூஃப்கி' என்ற பால் மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை இறுக்கித் தாளில் சுற்றிய மாதிரி இருக்கும். அதைக் கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் வையுங்கள், திருவனந்தபுரத்து வெயிலுக்கு உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.