மருத்துவமனை வார்டில் தரத்தை மேம்படுத்தும் முதல் பணி: எண்ணத் தொடங்குவதற்கு முன் படிக்க வேண்டியது

வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "உன் பேர்ல ஒரு குவாலிட்டி புராஜெக்ட் போட்டிருக்கேன்" என்றார் வார்டு இன்சார்ஜ். எப்படிச் செய்வது என்று கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டேன். இரண்டு வாரம் எண்ணியதெல்லாம் குப்பைக்குப் போன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அந்த இரண்டு வாரமாவது உங்களுக்கு மிச்சமாகட்டும். கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் வைக்கும் மெல்லிய குழாய்) போடுவது, சார்ட் எழுதுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: உங்கள் உரிமத்தை எடுத்துப் பாருங்கள்

புராஜெக்டுக்கும் உரிமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் நினைத்தேன். எதை நீங்களே மாற்றலாம், எதற்கு அனுமதி வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது. பதிவேட்டில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும், தற்காலிகப் பதிவு என்றால் என்ன கட்டுப்பாடு என்பதைப் பாருங்கள். புதுப்பிக்கும் தேதியை அலைபேசியில் இரண்டு முறை போட்டு வையுங்கள்: மூன்று மாதத்துக்கு முன் ஒன்று, ஒரு மாதத்துக்கு முன் ஒன்று. நிர்வாகம் நினைவுபடுத்தும் என்று இருந்துவிடாதீர்கள். காலாவதியான உரிமத்தோடு டியூட்டி பார்த்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

படி 2: கைக்கு எட்டும் பிரச்சினையை எடுங்கள்

நான் எடுத்தது, கேனுலாவை ஒட்டி வைக்கும் டிரெஸ்ஸிங்மேல் அதைப் போட்ட தேதியும் நேரமும் எழுதியிருக்கிறதா என்பதை. சின்ன விஷயம்தான். ஆனால் தேதி இல்லாவிட்டால் அந்தக் குழாய் எத்தனை நாளாகக் கையில் இருக்கிறது என்று அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியாது.

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: நீங்களே செய்யலாம், அனுமதி வேண்டும், தொடவே கூடாது. டிரேயில் லேபிளையும் பேனாவையும் வைப்பது: இன்சார்ஜிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சார்ட் படிவத்தில் புதுக் கட்டம் சேர்ப்பது: ஆவணங்களுக்குப் பொறுப்பானவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கேனுலாவை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற விதியை மாற்றுவது: உங்கள் வேலை இல்லை. முதல் பத்தியில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கேனுலா போட்ட ரத்தக்குழாயின் வீக்கத்தைக் குறைப்பேன்" என்று பெரிதாகத் தொடங்காதீர்கள். மருத்துவத் தரத்தை ஆராய்ந்த அவேடிஸ் டோனாபீடியன் 1966இல் தரத்தைக் கட்டமைப்பு (இருக்கும் வசதி), செயல்முறை (செய்யும் விதம்), விளைவு (நோயாளிக்கு நடப்பது) என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். வீக்கம் விளைவு, ஒரே வார்டில் சில வாரத்தில் அது விரல்விட்டு எண்ணும் அளவே வரும், கூடினதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. லேபிள் செயல்முறை, தினமும் எண்ணலாம்.

படி 3: எதை எண்ணுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

நான் விழுந்த இடம் இதுதான், மெதுவாகப் படியுங்கள்.

ஒரு காலையில் நானும் தோழியும் ஒரே வார்டைத் தனித்தனியாக எண்ணினோம். எனக்கு 20இல் 14, அதாவது 70 விழுக்காடு. அவளுக்கு 17இல் 8, அதாவது 47. ஒரே வார்டு, ஒரே மணி நேரம். யார் பொய் சொன்னது? இரண்டு பேரும் இல்லை. நான் கேனுலாக்களை எண்ணினேன், அவள் நோயாளிகளை எண்ணினாள். மூன்று பேருக்கு இரண்டிரண்டு கேனுலா. எனக்குத் தேதி இருந்தாலே போதும். அவளுக்குத் தேதியும் நேரமும் படிக்கும்படி இருக்க வேண்டும், இரண்டு கேனுலா இருந்தால் இரண்டிலும் இருக்க வேண்டும்.

கடைசியில் நாங்கள் எழுதி ஒட்டிய வரி இது: "காலை 8 மணிக்கு வார்டில் உள்ள ஒவ்வொரு கேனுலாவும் ஒரு எண்ணிக்கை. தேதி, நேரம் இரண்டும் டிரெஸ்ஸிங்கை நகர்த்தாமல் படிக்க முடிந்தால் ஆம். மை கலைந்திருந்தால் இல்லை. வேறு பிரிவில் போட்டு வந்ததும் கணக்கில் சேரும்." இதன்படி எண்ணினால் அன்றைய விடை 20இல் 9. என் 70 ஒரே நிமிடத்தில் 45 ஆகிவிட்டது! வலித்தது, ஆனால் அதுதான் உண்மை.

உங்கள் வரியை இதுவரை கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். அவர் எண்ணும் உங்கள் எண்ணும் ஒன்றாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 4: காகிதத்தில் எண்ணுங்கள்

எக்ஸெல், செயலி எல்லாம் பிறகு. மடித்துப் பாக்கெட்டில் வைக்கும் தாளும் கோடு போட ஒரு பேனாவும் போதும். தாளில் நோயாளி பெயரோ பதிவெண்ணோ வேண்டாம். படுக்கை எண்ணும் வேண்டாம். தேதியோடு சேர்ந்தால் அதுவே ஆளைக் காட்டிக்கொடுக்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையா என்பதைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எதையும் மாற்றாமல் 12 நாள் எண்ணி, ஒவ்வொரு நாளின் விழுக்காட்டையும் ஒரு புள்ளியாக நாள்வாரியாக வைத்து, நடுமதிப்பில் (எண்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கினால் நடுவில் வருவது) ஒரு கோடு இழுங்கள். முன்-பின் என்று இரண்டு பட்டை மட்டும் வரைந்து காட்டும் வரைபடம் எனக்குப் பிடிக்காது. எது எப்போது மாறியது என்பதை அது மறைத்துவிடும்.

படி 5: ஒரு ஷிஃப்ட், ஒரு ஆள்

திட்டமிடு, செய், ஆராய், செயல்படு என்ற சுழற்சியை எல்லோரும் சுவரில் ஒட்டியிருப்பார்கள். மூன்றாவதைச் 'சரிபார்' என்று சொல்வதை, இந்தச் சுழற்சியைப் பரப்பிய தர நிபுணர் டெமிங் விரும்பவில்லை, 'ஆராய்' என்றே வலியுறுத்தினார். காரணம் இருக்கிறது: என்ன நடக்கும் என்று முன்பே எழுதி வைத்தால்தான் பிறகு ஆராய ஏதாவது இருக்கும்.

"லேபிளை டிரேயில் வைத்தால் பத்தில் ஒன்பது பேர் எழுதுவார்கள்" என்று எழுதி வைத்தேன். ஒரே ஒரு சிஸ்டரோடு ஒரு காலை ஷிஃப்டில் பார்த்தேன். லேபிள் இருந்தது, பேனா இல்லை. கையுறையைக் கழற்றிய பிறகு பேனா தேடுவதற்குள் அடுத்த அழைப்பு மணி. மறுநாள் பேனாவை டிரேயில் கட்டினோம். வார்டு முழுக்க முதல் நாளே அறிவித்திருந்தால் எல்லோரும் எரிச்சலடைந்திருப்பார்கள், பேனா விஷயம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

நடுமதிப்புக் கோட்டின் ஒரே பக்கத்தில் தொடர்ந்து ஆறு புள்ளி விழுந்தால் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். கோட்டின்மேலேயே விழும் புள்ளியைக் கணக்கில் எடுக்காதீர்கள். எங்களுக்கு ஆறு வந்தது. ஏழாவது நாள் சரிந்தது. விசாரித்தால், இரவு ஷிஃப்டில் டிரேயை நிரப்புவது யார் பொறுப்பு என்று யாருக்குமே சொல்லவில்லை. ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் தாளில் ஒரு வரி சேர்த்தோம்.

எல்லாத் தாளையும் தேதியோடு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். தொடர்கல்விக் கணக்கு கேட்கும் இடங்களில் உரிமம் புதுப்பிக்கும்போது இதைக் காட்ட முடியுமா என்று விதியைப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் பார்த்துத் தொடங்கிய ஒரு ஜூனியருக்கு வேறு சிக்கல். அவர் வார்டில் ஒரு நாளைக்கு மூன்று கேனுலாதான். புள்ளி 0, 33, 67, 100 என்று குதிக்கிறது, கோடு எதையும் சொல்லவில்லை. நாள்கணக்கை விட்டுவிட்டு ஒரு வாரத்தை ஒரு புள்ளியாக்கச் சொன்னேன். பத்துப் புள்ளி சேரப் பத்து வாரம் ஆகும், பொறுமை வேண்டும். அதோடு, வாரம் முழுக்க ஒரே கேனுலாவைத் தினமும் எண்ணினால் அது பல முறை கணக்கில் வரும். போட்ட நாளில் மட்டும் ஒரு முறை எண்ணுங்கள். இதையும் படி 3இன் வரியிலேயே எழுதிவிடுங்கள்.