நாலு பேர் சேர்ந்தால் 304: பழகுவது எப்படி

கிளிநொச்சிப் பக்கம் சூடடிப்பு முடிந்த பின்னேரத்திலோ, வயலில் பன்றிக்குக் காவலிருக்கும் இரவிலோ நாலு பேர் கூடினால் கடதாசிக் கூட்டை, அதாவது சீட்டுக்கட்டைத் தேடுவோம். புதிதாகப் பழகுகிறவர்கள் நேரே 304 என்ற சீட்டாட்டத்துக்கே வாருங்கள், காசு மட்டும் வைக்க வேண்டாம், அது நல்ல ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

2 முதல் 6 வரையுள்ள தாள்களை எடுத்துவிட்டால் 32 மிஞ்சும். எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. முதலில் ஆளுக்கு நாலு தாள் போடுங்கள். அதைப் பார்த்துத்தான் கேள்வி கேட்க வேண்டும், அதாவது தன் கட்சி எத்தனை புள்ளி எடுக்கும் என்று சொல்ல வேண்டும்; கூடக் கேட்டவர் துரும்பை, அதாவது மற்ற இனங்களை (ஆட்டின், கிளாவர் போன்றவை) வெல்லும் இனத்தின் தாளொன்றை, கவிழ்த்து வைப்பார், அப்புறம்தான் மிச்ச நாலும் வரும். எல்லாரும் தடுமாறுவது மதிப்பில்தான். இங்கே ஜாக்தான் பெரிது, 30. பிறகு ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலையும் கூட்டினால் 304, பெயர் வந்தது அப்படித்தான். இது மனப்பாடமாகும்வரை பெரிதாகக் கேட்காதீர்கள், ஆனால் ஒரே இனத்தில் ஜாக்கும் ஒன்பதும் கையில் இருந்தால் துணிந்து கேளுங்கள். விழுந்த ஜாக்குகளை மனதில் எண்ணிக்கொண்டே இருங்கள்.

கணக்கு பாரமா? சரி, ஓமி விளையாடுங்கள்: அதே 32 தாள், துரும்பும் உண்டு, புள்ளி இல்லை, எட்டுப் பிடியில் (ஆளுக்கொரு தாள் போடும் சுற்று ஒரு பிடி) ஐந்தை எடுத்தால் வெற்றி.

பிள்ளைகளும் வந்துவிட்டால் கழுதைதான். 52 தாளையும் பங்கிடுங்கள்; போட்ட இனம் கையில் இல்லாதவர் வேறு இனத்தால் வெட்டுவார், அதுவரை பெரிய தாள் போட்டவர் குவியலை அள்ள வேண்டும், கடைசியில் தாளோடு மிஞ்சுகிறவர் கழுதை.