நாய்க்கு மயக்க ஊசியா? முந்தின ராத்திரியும் அடுத்த ராத்திரியும் நம்ம பொறுப்பு

எங்க சிப்பிப்பாறை பெட்டைக்குப் பாளையங்கோட்டையில கருத்தடை ஆபரேஷன் செஞ்சோம். மருந்தும் அளவும் டாக்டர் வேலை. மத்ததுல பாதி வீட்டுலதான் நடக்குது.

1. எடை. மருந்தைக் கிலோ கணக்குலதான் ஏத்துவாங்க, குத்துமதிப்பு ஆகாது. நாயைத் தூக்கிட்டு டிஜிட்டல் தராசுல ஏறி நின்னு, உங்க எடையைக் கழிச்சிருங்க. தொங்கு தராசு வேண்டாம், நாய் துள்ளினா முள் நிக்காது.

2. வெறும் வயிறு. வளர்ந்த நாய்க்கு எட்டு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்தணும். மயக்கத்துல விழுங்கத் தெரியாது, வயித்துல உள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். குட்டிகளை அவ்வளவு நேரம் பட்டினி போடக்கூடாது. டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

3. இனத்தைச் சொல்லுங்க. சிப்பிப்பாறை மாதிரி கொழுப்பில்லாத ஒல்லி வேட்டைநாய்க்குத் தயோபென்டோன்ங்கிற மயக்க மருந்தைப் போட்டா மயக்கம் தெளிய ரொம்ப நேரமாகும்.

4. தெளியும் நேரம். நாங்க தப்பு பண்ணினது இங்கதான். கெட்டமின்ங்கிற மயக்க மருந்து போட்ட நாய் கண்ணைத் திறந்தே வச்சிருக்கும், முழிச்சிருக்குன்னு நமக்குத் தோணும். ஆச்சி, "ஏல, தொண்ட வறண்டு கெடக்கு, ஒரு மடக்கு ஊத்துல"ன்னா. நானும் ஊத்தினேன். உடனே ஒரு இருமல், அப்புறம் நெஞ்சுல களகளன்னு சத்தம். மறுநாள் காய்ச்சல். தேற ரெண்டு வாரம் ஆச்சு. அதனால தலையைத் தானே தூக்கி, எழுந்து தள்ளாடாம நடக்கிற வரைக்கும் வாயில ஒரு சொட்டுகூட விடாதீங்க. அப்புறமும் கிண்ணத்துல கொஞ்சமா வைங்க, அதுவே நக்கிக் குடிக்கட்டும்.

ஈறை விரலால அமுக்கி விடுங்க. வெளுத்த இடம் ரெண்டு செகண்டுக்குள்ள சிவக்கணும். ஈறு நீலமாவோ வெளிறியோ இருந்தா உடனே டாக்டருக்குப் போன் போடுங்க.

மொசைக் தரை உடம்புச் சூட்டை இழுத்துரும். சாக்கு விரிச்சு, மேல பழைய போர்வை போடுங்க. கட்டில்ல விடாதீங்க, உருண்டு விழும். வெந்நீர் பாட்டில் வச்சா துண்டு சுத்தி வைங்க, சுட்டாலும் அதுக்கு நகரத் தெரியாது. தெர்மாமீட்டர் வாங்கி வைக்கிறது நல்லது. 100.5 முதல் 102.5 பாரன்ஹீட் சரியான சூடு.

பின்சேர்க்கை: வெள்ளாடு வச்சிருக்கவங்க சிலர் கேட்டாங்க. நாய்க் கணக்கை ஆட்டுக்குப் போடாதீங்க. சைலசின்ங்கிற மயக்க மருந்து ஆட்டுக்குச் சின்ன அளவுலயே கடுமையா வேலை செய்யும். மயக்கம் தெளியும்போது பக்கவாட்டுல படுக்க விடாம, ரெண்டு பக்கமும் வைக்கோல் கட்டு முட்டுக்கொடுத்து நெஞ்சை ஊன்ற வைங்க, இல்லேன்னா ஏப்பம் வெளியேறாம வயிறு ஊதிரும். எச்சில் உள்ள இறங்காம வெளிய வடியிற மாதிரி வாய் தாழ்ந்து இருக்கட்டும்.